அம்மா வர்றப்ப சிரிக்கணும்

என் மகளுக்கு ஆட்டிசம் என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னபோது அவளுக்கு நான்கு வயது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் திண்டுக்கல்லில் நான் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும், செல்போன் கொடுக்காதீர்கள், பயப்படாதீர்கள். ஒருவர் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறேன் என்றேன். "அதான். வேலைய விட்டுட்டு பிள்ளைகூட இருங்க, தானா பேசிரும்" என்றார். சீட்டில் ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

மதுரை டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். என் மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைக்கு அடியில் போய் மின்விசிறியின் நிழல் தரையில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் குனிந்து அதையே பார்த்தார். பிறகு ஒரு தாளில் பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி என்று வரிசையாக எழுதினார். "வாரத்துல அஞ்சு நாள் வேணும்மா. தெனம் இம்புட்டு தூரம் பஸ்ல வந்தா பிள்ள தாங்காது. உங்க ஊர்லயே பாத்துக்கங்க."

உங்க ஊர்லயே என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரியாது.

திண்டுக்கல்லில் அந்தத் தாளோடு நான் அலைந்தது மூன்று வருஷம். எல்லாத் தெரபியும் உண்டு என்று போர்டு வைத்திருந்த ஓர் இடத்தில் அவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கி நீட்டினார்கள். "பிள்ளைக்குக் காலு நல்லாத்தானே சார் இருக்கு?" என்று கேட்டேன். "எல்லாம் நரம்புதானம்மா" என்றார் அந்த ஆள். ஒரு சிறப்புப் பள்ளியில் தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். ஓர் அலுவலகத்தில் பயிற்சியாளர்களின் போன் நம்பர்கள் அடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். ஒன்று பெயின்ட் கடை. இன்னொன்றில் பேசிய பெரியவர், "அந்தப் பொண்ணு கல்யாணமாகி கோயம்புத்தூர் போயிருச்சேம்மா, நான் அது தங்கியிருந்த வீட்டுக்காரன்" என்றார். பாவம், அவரைப் பலபேர் கூப்பிட்டிருக்க வேண்டும். குரலில் ஒரு சலிப்பு இருந்தது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக ஒரு முகாமுக்குப் போனோம். மண்டபத்தில் மைக்கை வைத்து டோக்கன் நம்பரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். காது கேளாதவர்களும் நடக்க முடியாதவர்களும் அமைதியாக வரிசையில் இருக்க, என் மகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அலறினாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கையெழுத்துப் போடும் டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மனவளர்ச்சி குன்றியவர்னு போட்டுர்றேன். ஆட்டிசம்னு போட்டா அதுக்குத் தனியா டெஸ்ட், தனியா ஆளு. இதுன்னா இன்னைக்கே முடிஞ்சிரும்." நான் சரி என்று தலையாட்டினேன். அவளைத் தூக்கிக்கொண்டு அந்த மைக் சத்தத்தை விட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

சாதாரணப் பள்ளியிலும் சேர்த்துப் பார்த்தோம். மூன்றாவது வாரத்தில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. மத்த பேரன்ட்ஸ்தான் கேக்குறாங்க."

அவளுக்கு ஏழு வயதானபோது என் கணவர் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். அவர் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். யாரோ பஸ்ஸுக்குள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆட்டிசம் குழந்தைகளுக்கான பயிற்சி மையம், பழனி ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில். அன்று மதியமே போனேன்.

அதை நடத்திய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சென்னையில் ஒரு சிறப்புப் பள்ளியில் பத்து வருஷம் வேலை பார்த்ததாகச் சொன்னார். என் மகளைப் பெயர் கேட்கவில்லை, முகத்தைப் பிடித்துத் திருப்பவில்லை. அவள் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவள் எதை உருட்டினாளோ அதையே தானும் உருட்டினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "அழாதீங்கம்மா, இனி நாங்க இருக்கோம்ல" என்றார். மூன்று வருஷமாக அப்படி ஒரு வார்த்தை சொல்ல யாருமில்லை.

இரண்டு வருஷம் என் மகள் அங்கே போனாள், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அம்மாக்கள் மேலே வரக் கூடாது. அம்மா இருந்தால் பிள்ளை வேலை செய்யாது என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. நான் விட்டுவிட்டு லேபுக்குப் போய்விடுவேன். தூரத்து ஊர்க்காரர்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணிக்கு நான் வரும்போது அவர்களோடு செத்த நேரம் உட்காருவேன்.

அந்தப் படியில்தான் எனக்குப் பேச ஆள் கிடைத்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள் ஒருத்தி, மல்லிகைத் தோட்டக்காரி. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகனுக்குப் பதினொரு வயது, அவள் தோளுக்கு வளர்ந்துவிட்டான். விடியுமுன்னே பூப்பறித்து மார்க்கெட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அவனைக் குளிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். என் மகள் சட்டை போட்டாலே கத்துகிறாள் என்று ஒருநாள் சொன்னேன். "கழுத்துல லேபிள் இருக்கும்லக்கா, அத வெட்டிட்டு, தையல திருப்பிப் போட்டு உடுத்தி விடுங்க" என்றாள். வீட்டுக்குப் போய் எல்லாச் சட்டையிலும் லேபிளை வெட்டினேன். மறுநாளிலிருந்து சட்டைக்காகக் கத்தியது நின்றது. இத்தனை டாக்டர்களிடம் போனேனே, ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

மகளிடமும் மாற்றம் தெரிந்தது. கரண்டி பிடித்தாள். செருப்புப் போடப் பழகினாள். ஒரு மணிக்கு அவளை இறக்கிக் கூட்டிவரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு முன்னால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் கணவரிடம் சொன்னேன், லேபில் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன்.

அவளுக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது. ஆனால் காதில் விழுந்ததை விழுந்தபடியே, சொன்னவரின் குரலிலேயே திருப்பிச் சொல்லுவாள். அப்பாவின் பஸ்ஸில் போய்வந்தால் இரண்டு நாளைக்கு "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள். டிவி விளம்பரம் முழுதாக வரும். எனக்கு அது வேடிக்கையாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் அடுப்படி வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த மையத்துப் பெண்ணின் குரலில் சொன்னாள்: "கைய எடுத்தா திரும்பக் கட்டிருவேன்."

நான் திரும்பினேன். அவள் அதே குரலில், அதே நிதானத்தோடு தொடர்ந்தாள். "அழுகக் கூடாது. அம்மா வர்றப்ப சிரிக்கணும். எங்க, சிரி." சொல்லிவிட்டு உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தாள். நான் இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சிரிப்பு அதுதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு லேபில் சொல்லிவிட்டுப் போனேன். படியில் இருந்தவர்களிடம் ஒன்றும் பேசாமல் மேலே ஏறிக் கதவைத் தள்ளினேன். பிள்ளைகளில் நான்கு பேர் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார்கள். சுடிதார் துப்பட்டாக்கள். என் மகளுக்குக் கை மட்டும் பின்னால், தழும்பு விழாத மெல்லிய துணியால். மற்றவர்கள் மேஜையில் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சுவரில் பழங்களின் படம் ஒட்டியிருந்தது.

அந்தப் பெண் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "மேடம், நாங்க ரெண்டு பேரு. ஒம்போது பிள்ளைங்க. ஒருத்தன் கதவத் தொறந்து ஓடினா கீழ ரோட்டுல லாரி. நீங்க ஒருநாள் இங்க இருந்து பாத்துக்கங்க, அப்புறம் பேசுங்க. துணியாலதான கட்டுறேன், வலிக்காது."

நான் மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை; தினம் எத்தனை பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற கை. கடைசியில் அவரே வந்து அவிழ்த்துவிட்டார்.

படியிறங்கும்போது அம்மாக்களிடம் சொன்னேன். இரண்டு பேர் முகத்தை மூடிக்கொண்டார்கள். மல்லிகைத் தோட்டக்காரி மட்டும் அசையாமல் இருந்தாள். பிறகு, "தெரியும்க்கா" என்றாள்.

"தெரியுமா?"

"போன வருசமே அவன் கையில தடம் பாத்தேன்."

"தெரிஞ்சுமா தெனம் கூட்டிட்டு வாரே?"

"வீட்டுல நான் என்ன செய்யிறேன்னு நெனச்சீங்க? கட்டில்காலோட கட்டிப் போட்டுட்டுத்தான் பூப்பறிக்கப் போறேன். கெணத்துல விழுந்துட்டா? இங்கன்னா மூணு மணி நேரம் காத்தாடிக்கு அடியில இருக்கான். நாலெழுத்து சொல்லிக் குடுக்குறாங்க. நான் இந்தப் படியில சாஞ்சு செத்த கண்ண மூடுறேன்." என் கையைப் பிடித்தாள். "புகார் கிகார்னு போயிராதீங்கக்கா. இதையும் மூடிட்டா நாங்க எங்க போவோம்? உங்களுக்கு உங்க வீட்டுக்காரர் இருக்காரு."

நான் போகவில்லை. என் கணவர் அந்தப் பெண்ணை அடிக்கவே கிளம்பினார், அவரையும் நான்தான் தடுத்தேன். மையத்தின் வாட்ஸ்அப் குழுவில், "சில காரணங்களால் பாப்பாவை நிறுத்துகிறோம், இதுவரை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி" என்று எழுதினேன். கீழே ஒரு கும்பிடும் போட்டேன். இந்தக் கும்பிடை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன்.

அடுத்த மூன்றாவது மாதம் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மக்காச்சோளம் போடுகிற குடும்பம். பஸ்ஸில் பேச்சுவாக்கில் என் கணவரிடமிருந்து அவள் வீட்டுக்காரர் நம்பர் வாங்கியிருக்கிறார். மகளுக்கு ஐந்து வயது.

"ஏனுங்க்கா, உங்க பாப்பா அந்த மாடி சென்டருக்குப் போச்சுன்னாங்க. நல்ல எடமுங்களா? தெனம் ரெண்டு பஸ் மாறி வரோணும், அதனால கேட்டுட்டு சேத்தலாம்னு."

லேபில் கூட்டம். ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மல்லிகைத் தோட்டக்காரியின் முகம் நினைவுக்கு வந்தது. "எங்க பாப்பாவுக்கு ஒத்து வரலம்மா. நீங்க நேர்ல பாத்து முடிவு பண்ணிக்கங்க" என்றேன்.

"செரிங்க்கா. உங்களுக்குப் புண்ணியமா போகுமுங்க" என்று வைத்தாள்.

நேரில் பார்த்தால் என்ன தெரியும்? அந்தப் பெண் முட்டிபோட்டுப் பக்கத்தில் உட்காருவார். அவ்வளவுதான் தெரியும். அது எனக்குத் தெரியாதா என்ன.

ஐந்து மாதம் கழித்து அவள் லேபுக்கே வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. குரலை வைத்துத்தான் தெரிந்தது. இடுப்பில் பிள்ளை. அதன் மணிக்கட்டில் அதுவே கடித்துக் கடித்துத் தோல் தடித்துப்போயிருந்தது. உட்காருங்கள் என்றேன். "வேண்டாமுங்க. சேரப் பாத்தாலே கத்துது. பஸ்லகூட ஒக்காராதுங்க, நின்னுட்டேதான் வந்தோம்." பிறகு, "நேத்து மாடிக்கு ஏறிப் பாத்துட்டனுங்க்கா" என்றாள். பிள்ளையின் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "தெரியும்" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனாள். வரிசையில் இருந்தவர்கள் என்ன என்று என்னைப் பார்த்தார்கள். நான் அடுத்த சீட்டை வாங்கிப் பெயரைக் கூப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தேன். நானும் என் கணவரும் போனோம். யாரிடமும் கேட்கவில்லை. விசாரிக்க ஆள் வந்தார்கள், மையத்துக்கு அனுமதியே வாங்கவில்லை என்று தெரிந்தது, பூட்டிவிட்டார்கள். அந்தப் பெண் ஊரைவிட்டுப் போய்விட்டார். சென்னையில் வேலை பார்த்தது உண்மையா பொய்யா என்றுகூடக் கடைசிவரை தெரியவில்லை.

இந்தப் பிள்ளைகள் இனி எங்கே போவார்கள் என்று விசாரிக்க வந்தவரிடம் கேட்டேன். "மதுரையில நல்ல எடமெல்லாம் இருக்கேம்மா" என்றார்.

மனுக் கொடுத்தது நான்தான் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் வந்த வார்த்தைகளை முழுதாக எழுத முடியாது. "உங்க பிள்ளைக்கு வேண்டாம்னா எங்க பிள்ளைகளுக்கும் வேண்டாமா?" என்று ஒருத்தி எழுதினாள். அவள் மகனுக்கு என் மகளின் சிறிதான சட்டைகளை எல்லாம் கொடுத்திருந்தேன். பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். தொப்பம்பட்டிக்காரி நிலத்தை அண்ணன் தம்பியிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ரெட்டியார்சத்திரத்தில் ஒரு பள்ளிக்குச் சிறப்பு ஆசிரியை வருகிறார் என்று லேபுக்கு வந்த ஒருவர் சொன்னார். இதைச் சொல்லும் சாக்கில் மல்லிகைத் தோட்டக்காரியைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். பஸ்ஸைவிட்டு இறங்கி, விசாரித்து, தோட்டத்து வழியாக நடந்தேன். வீட்டுக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம், ஒரே அளவில், விடாமல். யாரையும் கூப்பிடுகிற தட்டல் இல்லை அது.

அவள் வரப்பில் பூச்சிமருந்து டப்பாவோடு வந்தாள். என்னைப் பார்த்து முகம் மாறவில்லை. கை கழுவிவிட்டுத் தாழை நீக்கினாள். மகன் வெளியே வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் தொட்டியடிக்குப் போய்த் தண்ணீரை அளைய ஆரம்பித்தான். மீசை அரும்பியிருந்தது. எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆசிரியை விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்க்கா. வெள்ளிக்கிழம ஒரு மணி நேரம். அந்த மேடத்துக்கு இது மாதிரி எத்தனையோ பள்ளிக்கூடம். போன வாரம் வரல, அதுக்கு முந்தின வாரமும் வரல. நல்ல பொண்ணுதான். அது ஒண்ணா ரெண்டா பாக்கும்?"

"எம்மேல கோவமா இருக்கியா?"

அவள் மகனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கோவமில்ல. நீங்க செஞ்சது சரிதான். அந்தத் தொப்பம்பட்டிப் பிள்ளையையும் நான் பாத்தேன்ல, எனக்கும் வயிறு எரிஞ்சிச்சு. ஆனா சரியானதச் செஞ்சிட்டு நீங்க உங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் இவனோட இங்க இருக்கேன்." தண்ணீர் குடித்த சொம்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "இனி வராதீங்கக்கா. பாத்தா அந்தப் படி ஞாபகம் வருது."

நான் மெயின் ரோட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றேன்.

இப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது முடியப்போகிறது. வாரம் இரண்டு நாள் மதுரையில் ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போகிறேன். லேபில் அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டேன். அந்த இடத்தில் அம்மாவும் உள்ளேயே உட்காரலாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். நாற்பது நிமிஷப் பயிற்சிக்குப் போக வர ஐந்து மணி நேரம். ஆட்டிசம் என்று எழுதிய அட்டை போன வருஷம்தான் கிடைத்தது, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்ததில் மூன்றாவது தடவை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்தருகே கொண்டுபோகிறாள். "தண்ணி" என்று அவள் குரலில், யாருடைய குரலிலும் இல்லாமல், இதுவரை நான்கு தடவை சொல்லியிருக்கிறாள்.

போன மாதம் அங்கே இருக்கிற பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பதினாலு வயது வரைக்கும்தான் எடுப்போம், அதற்கு மேல் பெரிய பிள்ளைகளுக்கு எங்களிடம் ஏற்பாடு இல்லை, இப்போதே வேறு இடம் தேட ஆரம்பியுங்கள் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நல்ல மனுஷி, உண்மையிலேயே விசாரித்து, ஒரு தாளில் மூன்று நம்பர்கள் எழுதிக் கொடுத்தார்.

நேற்று மதியம் கூப்பிட்டேன். இரண்டு நம்பரில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வயது, எடை, தானாகச் சாப்பிடுவாளா, கடிப்பாளா. கடைசியில், "பையனா, பொண்ணாம்மா?" என்றார். பொண்ணு என்றேன். பெரிய பெண் பிள்ளைகளை எடுப்பதில்லை, பாதுகாப்புக்கு ஆள் இல்லை என்றார்.